டிக்கெட்டை மூடுவது யார்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த கையோடு எச்.சி.எல். டெக்பீ பயிற்சியில் சேரப்போகிறாய் என்று அக்கா போனில் சொன்னதும் மனசு நிறைந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் சம்பளத்தையும் கம்பெனியின் இலந்தைக்குளத்துக் கண்ணாடிக் கட்டடத்தையும் பற்றிப் பேசியிருப்பார்கள். அந்தக் கட்டடத்துக்குள் ஒரு ஊழியர் கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது என்று நீ பார்க்க வேண்டும்.

1976-இல் ஷிவ் நாடாரும் நண்பர்களும் தொடங்கிய நிறுவனம் எச்.சி.எல். நாடார் நம் மதுரை இளங்கோ மாநகராட்சிப் பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்தவர். 2005-இல் எச்.சி.எல். டெக்னாலஜீஸின் தலைமைக்கு வந்த வினீத் நாயர், ஊழியர்தான் முதலில், வாடிக்கையாளர் அதற்குப் பிறகு என்று அறிவித்தார். இப்படிச் சுவரில் எழுதிவைக்கிற கம்பெனிகள் ஏராளம். நாயர் அதற்கு வழியும் செய்தார். கம்ப்யூட்டர் பழுதானால் டிக்கெட் போடுவார்கள் அல்லவா, அதையே மனிதவளம், நிதி, போக்குவரத்து என்று மற்றத் துறைகளுக்கும் கொண்டுவந்தார். போட்ட டிக்கெட்டை, போட்டவர் மட்டுமே மூட முடியும் என்பது அன்றைய விதி. 'சரிசெய்தாயிற்று' என்று அதிகாரி எழுதினால் போதாது. ஊழியருக்குத் திருப்தி வர வேண்டும். நேரத்தில் தீராவிட்டால் புகார் மேலே போகும். இந்த ஒரு விதியை நான் நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன்.

மேலாளர்களைப் பற்றி ஊழியர்கள் தந்த மதிப்பீட்டையும் அவர் கம்பெனிக்குள் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார், முதலில் தன்னுடையதை. கேள்வி-பதிலுக்கென்று திறந்த பக்கத்தில் வந்து குவிந்தவை பெரும்பாலும் குறைகள். மேலாளர்கள் சங்கடப்பட்டார்கள். ஊழியர்களுக்கோ, குறை உண்டு என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டதில் நம்பிக்கை பிறந்தது.

வேலைப் பளுவைத் தாங்குகிறவர்கூடப் பதில் வராத மௌனத்தில் உடைந்துபோகிறார். இன்னொரு பெரிய ஐ.டி. கம்பெனியான டி.சி.எஸ்., 2025 ஜூனில், ஆண்டுக்கு 35 நாளுக்கு மேல் யாரும் பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல், இருக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே சுமார் 12,000 பேரை, மொத்தப் பணியாளரில் 2 சதவீதத்தை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அடுத்தது யார் என்று தெரியாமல் வேலை பார்ப்பது எவ்வளவு கொடுமை, யோசித்துப் பார்.

இப்படிப்பட்ட நேரத்தில் சேர்ந்து கேட்கத்தான் தொழிற்சங்கம். நம்மூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் அது என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐ.டி.யில் அது கூடாது என்றே பலர் நம்பினார்கள். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், சட்டத்தில் தடை இல்லை என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போ.

நாயர் 2013-இல் விலகிவிட்டார். அவர் கொண்டுவந்த வழக்கத்தில் எவ்வளவு மிச்சம் என்பதை நீதான் பார்க்க வேண்டும். சேர்ந்த கொஞ்ச நாளில் சீனியர் அக்காமாரிடம் கேள்: கடைசியாக யார் புகார் கொடுத்தார், யார் அதை முடித்தார், புகார் கொடுத்தவர் அதே டீமில் நிம்மதியாக இருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியம்.

டெக்பீக்குக் கட்டணம் உண்டு. இடையில் நின்றால் என்ன ஆகும் என்ற பகுதியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு. மூவரும் உட்கார்ந்து வாசிப்போம்.

அன்புடன்,
மாமா
அலங்காநல்லூர்