எந்த மாதம் என்று கேள்

மயூர் விஹார் ஃபேஸ் 1,
தில்லி.

அன்புள்ள மருமகனுக்கு,

நம் மயூர் விஹாரிலேயே பாக்கெட்-1 பகுதியில் வீடு பிடித்துவிட்டாய், நொய்டா ஆபீசுக்கு மெட்ரோவிலேயே போய் வருகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். கூடவே உன் புலம்பலும் வந்து சேர்ந்தது. ஆன்சைட்டில் சுவிட்சர்லாந்தில் இருந்தபோது சனி, ஞாயிறு வந்தால் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாயாம். இங்கே அக்ஷர்தாம் கோயிலை விட்டால் போக்கிடமே இல்லையாம்.

அங்கே கிளம்புவது சுலபம், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். முச்சந்திக்கு முச்சந்தி மஞ்சள் பலகை இருக்கும். எத்தனை கிலோமீட்டர் என்று போடாமல், நடக்க எவ்வளவு நேரமாகும் என்று போட்டிருக்கும். அப்படிப் பலகை போட்ட நடைவழிகள் மட்டும் ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர். 1979-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, நடைவழிகளை அரசியல் சாசனத்திலேயே ஏற்றிவைத்த நாடு அது. சில நூறு பேர் வசிக்கும் ஊராட்சிகூடத் தன் சுற்றுவட்டாரத்து ஓடையையும் மேட்டையும் வருகிறவனுக்குக் காட்டிக்கொடுக்கும். நம் பேட்டைக்கு மேற்கே யமுனை ஓடுகிறது, கிழக்கே ஏரி கிடக்கிறது, தெற்கே பறவைகள் சரணாலயம் இருக்கிறது. காட்டிக்கொடுக்கத்தான் ஒரு பலகையும் கிடையாது.

ஆனால் பலகை நட்டுவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. இந்த ஊரில் ஊர் சுற்ற நினைக்கிறவன் எங்கே போகலாம் என்று தொடங்கினால் ஏமாந்துதான் திரும்புவான். எந்த மாதம் என்பதுதான் முதல் கேள்வி. இடம் அப்புறம்.

நவம்பரையே எடுத்துக்கொள். வெயில் போய்விட்டது, குளிர் இன்னும் கடுமையாகவில்லை, வாக்கிங் போக இதைவிடத் தோதான காலம் ஏது என்றுதான் தெற்கிலிருந்து புதிதாக வந்த யாருக்கும் தோன்றும். ஆனால் 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு, 494. அந்த அளவுகோல் முடிவதே 500-இல். 400-ஐத் தாண்டினாலே 'கடுமை' என்கிறது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அந்த மாதிரி நாளில் பார்க்கில் ஓடுகிற இளவட்டங்களைப் பார்த்தால் பெரியவர்களுக்குப் பதறுகிறது. நன்றாக ஓடுகிறவன் அதே காற்றைக் கூடுதலாக உள்ளே இழுக்கிறான், அவ்வளவுதான் லாபம். நவம்பரிலும் டிசம்பரிலும் காலையில் கண் விழித்ததும் போனில் அந்த எண்ணைப் பார். 300-க்கு மேல் இருந்தால் ஷூவைத் தொடாதே.

மே மாதத்துக்கு வேறு கணக்கு. 2024 மே 29-இல் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. காலை ஏழு மணிக்கு மேல் வெளியில் வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த மாதத்துக்கென்று தில்லி கொடுக்கிற ஒரே சன்மானம் சரக்கொன்றை. இங்கே அமல்தாஸ் என்பார்கள். இலையே தெரியாமல் மஞ்சளாகத் தொங்கும். அதை ஆபீஸ் போகிற வழியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மரங்களில் மனசு பதிந்தால் பிரதீப் கிருஷன் 2006-இல் எழுதிய 'ட்ரீஸ் ஆஃப் டெல்லி' ஒன்றை வாங்கிவைத்துக்கொள். இந்த ஊர் மரங்களை இலையை வைத்து அடையாளம் காணக் கற்றுத்தரும் புத்தகம்.

ஆக, பிப்ரவரியும் மார்ச் முன்பாதியும்தான் வெளியே சுற்றுவதற்கு முதல்தரமான காலம். அதற்கு ஒரு காரணம் உண்டு. வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகள் குளிரோடு வந்து இறங்கிவிடும். அவை நிறைந்திருக்கும் டிசம்பரில்தான் காற்றும் மோசம், மூடுபனியும் மோசம். பறவை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்பதே அப்போதைய நிலவரம். பிப்ரவரியில் காற்று தெளிகிறது, பறவைகளும் இன்னும் கிளம்பவில்லை. இரண்டும் கூடிவருகிற அந்தச் சில வாரங்களை நழுவவிட்டால் அப்புறம் அடுத்த வருஷம்தான்.

போக வேண்டிய இடம் ஓக்லா பறவைகள் சரணாலயம். நம் ஸ்டேஷனில் ப்ளூ லைன் ஏறி பொட்டானிக்கல் கார்டனில் மெஜந்தாவுக்கு மாறினால், அடுத்த ஸ்டேஷனின் பெயரே அதுதான். ஞாயிறு காலையில் மெஜந்தா லைன் தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும், அதனால் சனிக்கிழமை போ. 1986-இல் ஓக்லா தடுப்பணை முடிந்ததும் அதன் பின்னால் தண்ணீர் தேங்கிப் பரந்தது. பறவைகள் அதைக் கண்டுபிடித்துக்கொண்டன. 1990-இல் உத்தரப் பிரதேச அரசு சரணாலயமாக அறிவித்தது. சுமார் நான்கு சதுர கிலோமீட்டர்தான் பரப்பு, அதில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

முதல் பார்வைக்கு அந்த இடம் யாரையும் மயக்காது, இப்போதே சொல்லிவைப்பது நல்லது. தண்ணீரில் வாடை இருக்கும். கரையோரம் ஆகாயத்தாமரை மண்டியிருக்கும், நிமிர்ந்தால் அடுக்குமாடிகள். 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் எழும் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் தரக் கூடாதென்று நிறுத்திவைத்தது. நொய்டாவில் ஃப்ளாட்டுக்குப் பணம் கட்டிவிட்டுச் சாவிக்காகக் காத்திருந்தவர்கள் அப்போது இந்த வாத்துகளைத் திட்டாத திட்டு இல்லை. 2015-இல் மத்திய அரசு பாதுகாப்பு வளையத்தைச் சுருக்கி அறிவித்த பிறகுதான் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

கரைச்சாலையில் ஒரு இடம் பார்த்து அரை மணி நேரம் நகராமல் நில். கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாக மிதக்கிற நாமக்கோழிகள் முதலில் தெரியும். அவற்றுக்கு நடுவே, வால் மட்டும் கூராக நீண்டிருந்தால் அது ஊசிவால் வாத்து. அகப்பை போன்ற அலகைத் தண்ணீரில் பதித்து இடமும் வலமுமாக அரித்துக்கொண்டே போவது தட்டைவாயன். ஆகாயத்தாமரை மேலேயே கால் பரப்பி நடக்கும் நீலத் தாழைக்கோழி, ஒரு தண்டைப் பிடுங்கிக் காலால் பிடித்துக்கொண்டு கரும்பு கடிப்பதுபோல் கடிக்கும். சில சமயம் வரித்தலை வாத்தும் கண்ணில் படும். நம் திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கு வருகிற அதே வாத்துதான். மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். நீ ரயிலேறிப் போய்ப் படம் எடுத்து அனுப்பினாயே, யுங்ஃப்ராவ்யோக், அதன் உயரம் 3,454 மீட்டர். அதில் இரண்டு மடங்கு உயரத்தைத் தன் சிறகால் கடக்கக்கூடிய பறவை நொய்டா எல்லையில் புல் மேய்கிறது.

ஒன்று மட்டும் கவனம். தண்ணீரில் கால் வைக்காதே. அக்டோபர், நவம்பரில் தடுப்பணையை ஒட்டிய காளிந்தி குஞ்ச் பக்கம் நதியில் வெள்ளை வெளேரென்று நுரை மிதக்கும். சோப்புத் தண்ணீரும் சுத்திகரிக்காத சாக்கடையும் அணையிலிருந்து விழும்போது பொங்குவது அது. அந்த நுரையில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களும் உண்டு.

மழை முடிகிற செப்டம்பருக்கும் மிருகக்காட்சி சாலையில் ஒரு விசேஷம் இருக்கிறது. மிருகக்காட்சி சாலை என்றதும் குழந்தைகள் சமாச்சாரம் என்று சிரிக்காதே. 1959-இல் திறந்த தில்லி மிருகக்காட்சி சாலையின் குளங்களைத் தேடி, அடுத்த ஆண்டே மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து கூடு கட்டின. யாரும் பிடித்துவந்து விடவில்லை. சுதந்திரமாகத் திரிகிற காட்டுப் பறவைகள். அதன்பிறகு வருஷந்தோறும் மழைக்காலத்தில் வந்து, குளத்து நடுத்திட்டு மரங்களில் கும்பலாகக் கூடு வைத்து, யமுனைப் பக்கம் போய் மீன் பிடித்துவந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. உச்சி வெயில் நேரத்தில் தாய்ப்பறவை சிறகை விரித்துக்கொண்டு கூட்டின்மேல் நிற்பதைப் பார். குஞ்சுக்கு நிழல். வேடந்தாங்கலில் தூரத்திலிருந்து பார்த்ததை இங்கே பக்கத்தில் பார்க்கலாம். நம் ஸ்டேஷனிலிருந்து ப்ளூ லைனில் யமுனையைத் தாண்டி சுப்ரீம் கோர்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடி. வெள்ளிக்கிழமை விடுமுறை. கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள். 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்த நாரைகளுக்கே பறவைக் காய்ச்சல் கண்டு கதவை அடைத்துவிட்டார்கள்.

தினசரி நடைக்கு சஞ்சய் ஏரி போதும். தில்லி வளர்ச்சி ஆணையம் உருவாக்கி 1982-இல் திறந்தது. சுமார் 17 ஹெக்டேர் தண்ணீர், சுற்றிலும் மரங்கள். பிங்க் லைனில் திரிலோக்புரி சஞ்சய் லேக் என்று ஸ்டேஷனே இருக்கிறது. கை தட்டிச் சிரிக்கிற பெரியவர்கள் கூட்டம் வாசல் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அவர்களைக் கடந்து உள்ளே போனால் அமைதி. பிப்ரவரிக் கடைசியில் முள்ளிலவு மரத்தைத் தேடிப் பார். இலையெல்லாம் கொட்டி, கை அகலச் சிவப்புப் பூவாக நிற்கும். கிளை முழுக்க மைனாக்கள் தேனுக்குச் சண்டை போடும்.

நதிக்கரை விவசாய நிலம், அதாவது காதர், சில்லா கிராமத்தை ஒட்டிப் பரந்து கிடக்கிறது. பசுமையைப் பார்த்துக் காமிராவோடு இறங்கிவிடத் தோன்றும். அங்கே இருப்பவர்களுக்கு அது வீடு, பிழைப்பு. 2023 ஜூலை 13-இல் யமுனை 208.66 மீட்டருக்கு ஏறியது. 1978-இன் 207.49 என்ற பழைய உச்சத்தை ஒரு மீட்டருக்கு மேல் தாண்டிவிட்டது. அப்போது அந்தக் குடும்பங்கள் எருமைகளோடும் பெட்டி படுக்கையோடும் மயூர் விஹார் சாலையோரத்தில் தார்ப்பாய் கட்டி நாட்கணக்கில் கிடந்தார்கள். கேட்காமல் படம் எடுக்காதே, வரப்பை மிதித்து நடக்காதே. அங்கே விளையும் காய்கறி வாங்குமுன்னும் யோசி. நதியின் மாசு காரணமாக, படுகையில் உண்ணும் பயிர்களை விளைவிக்க 2015 ஜனவரியிலேயே பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டிருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. அக்ஷர்தாமுக்குத் திங்கள் விடுமுறை, போனை உள்ளே விடமாட்டார்கள், ஒருமுறை பார்த்தால் போதும். சுந்தர் நர்சரி அப்படியல்ல, எத்தனை தடவை போனாலும் சலிக்காது. 90 ஏக்கர் தோட்டம், 2018-இல் புதுப்பித்துத் திறந்தார்கள், மதில் தாண்டினால் ஹுமாயூன் கல்லறை. பிங்க் லைனில் ஆற்றைக் கடந்தால் சராய் காலே கானில் மூங்கில் பூங்கா, மாலை நேரத்துக்கு நல்லது. மீரட் எக்ஸ்பிரஸ்வே ஓரத்தில் சைக்கிள் தடம் போட்டிருக்கிறார்களே என்று சைக்கிள் வாங்கிவிடாதே. அதில் சைக்கிளைவிட மோட்டார் பைக்குகள்தான் அதிகம், அதுவும் எதிர்த்திசையில். மலைதான் வேண்டுமென்றால் பிங்க் லைனில் ஆனந்த் விஹார் போ, ரிஷிகேஷுக்கும் நைனிதாலுக்கும் அங்கேயே பஸ் கிடைக்கும். சுற்றிவிட்டு வந்து பசித்தால் உத்தர குருவாயூரப்பன் கோயில் பக்கம் வா. தோசை மாவு, வாழையிலை, மல்லிகைப்பூ எல்லாம் கிடைக்கும். சமைக்கச் சோம்பலாக இருந்தால் அத்தை இருக்கிறாள்.

பைனாகுலர் வாங்கிக் காசைக் கரியாக்காதே, மாமாவிடம் 8×42 ஒன்று இருக்கிறது. பிப்ரவரி முதல் சனிக்கிழமையை ஆபீசில் யாருக்கும் கொடுத்துவிடாமல் வை. ஏக்யூஐ 200-க்குக் கீழே இருந்தால் காலை ஏழு மணிக்கு மயூர் விஹார்-ஒன்று ஸ்டேஷனில், நொய்டா பக்கம் போகும் நடைமேடையில் நில். சம்மதமா என்று அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, அவள் இட்லி கட்டித் தர வேண்டும்.

அன்புடன்,
மாமா