தேடலில் உங்கள் தளம் முன்னே வர

மஞ்சள், நாட்டு விதை, தென்னங்கன்று முதலியவற்றை விற்க இணையதளம் தொடங்கிய சிறு விவசாயிகள் சிலர், கூகுள் தேடலில் தங்கள் தளம் கண்ணில் படுவதில்லை எனக் குறைப்படுகின்றனர். பணம் கொடுத்தால் முதலிடம் வாங்கித் தருவதாகக் கூறும் தரகர்களும் உண்டு. அவர்களை நம்ப வேண்டாம். கட்டணம் விளம்பரத்துக்கு மட்டுமே. சாதாரண வரிசையில் இடம் விலைக்குக் கிடைக்காது. முதலிடத்துக்கு யாரும் உறுதி தர முடியாது எனக் கூகுளே எச்சரித்துள்ளது.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்:

1. ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம் வேண்டும். வாங்குபவர் தேடும் சொல்லையே தலைப்பாக இடவும். 'தரமான பொருட்கள்' என்பதைவிட 'ஈரோடு விரலி மஞ்சள், 5 கிலோ' என்பது சிறந்தது.

2. ரகம், அறுவடை மாதம், விலை, ஊர் ஆகியவற்றைச் சொந்த நடையில் விவரமாக எழுதவும். பிறர் எழுதியதை நகல் எடுக்கக் கூடாது.

3. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்புவது, அளவுக்கு மேல் யூரியா இடுவதைப் போன்றது. பயனுக்குப் பதில் கேடே விளையும்.

4. செல்பேசியில் பக்கம் விரைவில் திறக்கும்படி படங்களின் அளவைக் குறைக்கவும்.

5. பிற தளங்கள் தாமாகத் தரும் இணைப்பு நற்சான்று போன்றது. இணைப்பை விலைக்கு வாங்கும் தளங்களைப் பின்னுக்குத் தள்ள, 2012இல் 'பெங்குவின்' என்னும் முறையைக் கூகுள் கொண்டுவந்தது.

6. எந்தச் சொல்லைத் தேடியோர் தளத்துக்கு வந்தனர் என்பதைக் கூகுளின் 'சர்ச் கன்சோல்' வழியே இலவசமாக அறியலாம். அதற்கேற்பப் பக்கங்களைத் திருத்தி வரவும்.

பலன் தெரிய 4 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். கன்று நட்டவர் காய்ப்புக்குக் காத்திருப்பதுபோல் பொறுமை தேவை.