ஜாக்கிக்கும் காருக்கும் நடுவே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை வாங்கிவிட்டாய், பொங்கலுக்கு அதிலேயே சென்னையிலிருந்து மானகிரிக்கு வருகிறாய், பிரேக் பேடை நம் வீட்டில் வைத்தே மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். வா. ஆயாவிடம் சொல்லிவிட்டேன். ஜாக்கியின் தலையில் வைக்கும் ரப்பர் பேடில் எதை வாங்குவது, நாமே செய்துகொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறாய். கடையில் தேடுவதற்கு முன் காருக்கு அடியில் தலையை விட்டுப் பார். உன் காருக்கு எந்த பேட் என்பதை அதன் அடிவயிறுதான் முடிவு செய்கிறது.

தண்ணீர்க்குடம் சுமக்கிறவர்கள் தலையில் வைக்கும் சும்மாடு செய்கிற வேலைதான் இந்தப் பேடுக்கும். கனத்தைப் பரப்ப வேண்டும், நழுவாமல் பிடிக்க வேண்டும். பேட் மெத்தென்று இருந்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் வைத்துத் தூக்கலாம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அது தப்பு. கார் செய்தவர்கள் மொத்த எடையையும் தாங்குவதற்கென்று நாலே நாலு இடங்களைத்தான் பலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் மெல்லிய தகடு, பிளாஸ்டிக் மூடி, ஆயில் சம்ப், பிரேக் குழாய். அங்கே எவ்வளவு நல்ல ரப்பரை வைத்தாலும் நசுங்கத்தான் செய்யும்.

என் ஸ்விஃப்டையும் உன் பாக்ஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஸ்விஃப்டில் கதவுக்குக் கீழே, நீளவாக்கில், தகடுகளைச் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் வைத்த விளிம்பு ஒன்று கத்திபோல் தொங்கும். ஜாக்கி வைக்கும் இடத்தில் அதில் வெட்டு அடையாளம் இருக்கும். உன் காரில் அது இல்லை. முன்னும் பின்னுமாக இரண்டு பக்கமும் குழிவுள்ள வட்டமான தாங்கிகள் இருக்கும். ஸ்விஃப்டுக்கு நடுவில் பள்ளம் வெட்டிய பேட் வேண்டும், உனக்கு மேலே குமிழ் வைத்த பேட் வேண்டும். ஒன்றை மற்றதற்குப் போட்டால் இரண்டுமே கெடும். 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று அட்டையில் அச்சடித்து விற்பதை நான் நம்புவதில்லை.

அந்தப் பள்ளம் எதற்கு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார். ஸ்விஃப்ட் ஏறக்குறைய 900 கிலோ. ஒரு பக்கம் முழுதும் எழும்பினால் ஜாக்கி மேல் 450 கிலோ. பேட் 60 மில்லிமீட்டர் வட்டம் என்றால் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு 16 கிலோதான் விழுகிறது. அதே எடை இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள விளிம்பில் மட்டும் நின்றால் பரப்பு 1.2 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அப்போது 375 கிலோ. விளிம்பு மடங்குவதில் ஆச்சரியம் என்ன? அதனால்தான் பள்ளத்தின் ஆழம் விளிம்பின் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறேன். விளிம்பு பள்ளத்துக்குள் தொங்கி நிற்க, எடை அதன் இரு பக்கத்துத் தட்டையான பகுதியில் உட்காரும். சில கம்பெனிகள் விளிம்பையே பலப்படுத்தி, அதன் மேலேயே தூக்கச் சொல்லியிருக்கும். எது என்று கையேட்டில் படம் இருக்கும். காரோடு கையேடு கிடைக்கவில்லை என்றால் முதலில் அதைத் தேடு, பேட் அப்புறம்.

செட்டிநாட்டு வீடுகளின் மோட்டார் ஷெட்டில் அந்தக் காலத்தில் நின்ற சீமைக் கார்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கனத்த சேசிஸ் தனியாக இருக்கும், பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். சேசிஸுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துத் தூக்கினால் வேலை முடிந்தது. இன்றும் எதற்கெடுத்தாலும் மரக்கட்டையைத் தேடும் மெக்கானிக்குகளுக்கு அந்தப் பழக்கம்தான் மிச்சமிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

இனி எதில் செய்வது? பனிநாடுகளில் ஐஸ் ஹாக்கி வட்டை வாங்கி அறுத்துக்கொள்கிறார்கள். மூன்று அங்குல வட்டம், ஒரு அங்குலக் கனம், கெட்டியான வல்கனைஸ் ரப்பர். அளவு அளந்து வைத்ததுபோல் பொருந்தும். நம் பக்கத்துக் காரைக்குடியில் ஐஸ் ஹாக்கிக்கு எங்கே போவது? ஆனால் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பாலியூரிதேன் ராடு, பி.யு. ராடு என்று கேட்டால் தெரியும். 75 மில்லிமீட்டர் ராடில் ஒரு துண்டு வெட்டி, மேலே உன் காரின் குழிவில் நுழையும் குமிழும், கீழே ஜாக்கியின் கிண்ணத்துக்குள் உட்காரும் படியுமாகக் கடைந்து வாங்கிவிடலாம். கீழ்ப்படியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காரோடு பொருந்தி, ஜாக்கியோடு பொருந்தாத பேட் எடை ஏறியதும் பக்கவாட்டில் ஓடும். மேல் குமிழும் குழிவின் ஆழத்தைவிடக் குட்டையாக இருக்கட்டும். குமிழின் நுனி எடையைத் தாங்கக் கூடாது, அதைச் சுற்றியுள்ள தோள்தான் தாங்க வேண்டும்.

நைலான் ராடு பலமானதுதான், ஆனால் வழுக்கும். மேலே மெல்லிய ரப்பர் ஒட்டினால் ஒழிய வேண்டாம். பழைய டயரை அறுத்துப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். வளைந்த துண்டு சமமாக உட்காராது, ரேடியல் டயர் என்றால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி வெளியே வந்து பெயின்டைக் கீறும். சாதாரண ரப்பர் ஆயில் பட்டுப்பட்டு ஊறி உப்பிவிடும், அதைத் துடைத்து வைக்க வேண்டும். முப்பரிமாண அச்சில் போட்டுத் தருகிறேன் என்று உன் நண்பன் சொன்னதாக எழுதியிருந்தாய். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் டிக்கிக்குள் கிடந்தால் அது என்ன கதியாகும் என்று யோசி. போதாததற்கு, அடுக்கடுக்காக ஒட்டி வளர்ந்த பொருள் அடுக்கு வழியே பிளக்கும். அளவு சரிதானா என்று பார்க்க ஒரு மாதிரி அச்சடித்துக்கொள், அதை வைத்துத் தூக்காதே.

மரத்தை நான் முழுக்க ஒதுக்க மாட்டேன். என் ஸ்விஃப்டுக்குத் தேக்குத் துண்டில்தான் பேட் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: பள்ளத்தை மரத்தின் ரேகை ஓடும் திசையில் வெட்டினால், கார் விளிம்பே ஆப்பாக இறங்கிக் கட்டையை இரண்டாகப் பிளந்துவிடும். ரேகைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். உன் குழிவுக்கு மரம் சரிப்படாது, குமிழ் ஒடிந்துபோகும்.

உயரத்தையும் அளந்துகொள். உன் கார் தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் எழும்பி நிற்கும். சாதாரண ட்ராலி ஜாக்கி முழுக்க இறங்கினாலும் 13, 14 சென்டிமீட்டர் இருக்கும், உள்ளேயே போகாது. தாழ்ந்த ரகம் ஏழரை, எட்டில் கிடைக்கிறது. அதன் மேல் இரண்டரை சென்டிமீட்டர் பேட் வைத்தால் மயிரிழையில் நுழையும். நுழையாவிட்டால் பேடைச் சீவாதே. இரண்டு கெட்டிப் பலகையைப் போட்டு அதன் மேல் காரை ஏற்றி நிறுத்து, இடம் கிடைத்துவிடும்.

ரேஸ் கார்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். அவர் பெயரில்தான் 2003இல் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. ஃபார்முலா மாருதி மாதிரி ஒற்றை இருக்கைக் கார்களின் மூக்கடியில் நெம்புகோல் ஜாக்கியைக் கொடுத்து ஒரே அமுக்கில் தூக்கிவிடலாம். கூரையுள்ள ரேஸ் கார்களில் சிலவற்றுக்குக் காற்றழுத்தத்தில் இறங்கும் கால்களே உள்ளே இருக்கும், பேட் என்ற பேச்சே இல்லை.

இங்கே எந்தத் தரையில் தூக்குவது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. முகப்பில் நிறுத்தலாம் என்று நினைக்காதே. அங்கே ஆத்தங்குடிக் கல், கண்ணாடி மேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்த சிமென்ட் ஓடு. ஜாக்கியின் சின்ன இரும்புச் சக்கரம் ஏறினால் விரிசல் விட்டுவிடும், ஆயா உன்னை விடமாட்டார். வாசல் செம்மண்ணும் ஆகாது. ஜாக்கியின் கை வில் வளைவாக எழுவதால், கார் உயர உயர ஜாக்கி காரை நோக்கிக் கொஞ்சம் உருள வேண்டும். மண்ணில் புதைந்து உருளாமல் நின்றால் பேட்தான் நகர்ந்துகொடுக்கும், நீ எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்திருந்தாலும் சரி. பின்கட்டில் கான்கிரீட் போட்ட இடம் இருக்கிறது, மட்டமாகவும் இருக்கிறது. அங்கேதான்.

காரைத் தூக்கிய பிறகு பேடை மறந்துவிடு. அடியில் நீ கையை விடும்போது காரைத் தாங்குவது ஜாக்கியாக இருக்கக் கூடாது. ஜாக்கியின் எண்ணெய் சீல் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டாண்டு முட்டுக்கொடுத்த பிறகுதான் வேலை. செங்கல், ஹாலோ பிளாக்கை முட்டாக வைக்காதே, கனம் ஒரு மூலையில் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். உன்னுடையதைப் போன்ற காரில் சிக்கல் என்னவென்றால், ஜாக்கி வைக்க வேண்டிய இடமும் ஸ்டாண்டு வைக்க வேண்டிய இடமும் ஒன்றே. கட்டுமானம் விறைப்பான கார்களில் ஒரு முனையைத் தூக்கினால் அந்தப் பக்கத்து மறுமுனையும் கூடவே எழும். எழுந்த முனையில் ஸ்டாண்டை வைத்துக்கொண்டு மேலே யோசிக்கலாம். கையேடு வேறு இடம் ஏதாவது அனுமதிக்கிறதா என்றும் பார். ஸ்டாண்டின் தலைக்கும் பேட் வேண்டும், ஆகவே நாலு கடையச் சொல்கிறேன்.

பெயின்ட் கீறலை அலட்சியம் செய்யாதே, சென்னைக் கடற்காற்றில் ஓடும் வண்டி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953 ஜனவரி 14 அன்று காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் துருவையும் அரிப்பையும் ஆராய்வதற்கு மண்டபம் கடலோரத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. உப்புக்காற்று அவ்வளவு பொல்லாதது. கீறல் தெரிந்தால் அன்றைக்கே பிரைமர் தொட்டுவிடு.

குழிவின் விட்டம், ஆழம், தரையிலிருந்து அதன் உயரம் மூன்றையும் வெர்னியர் வைத்து அளந்து எழுது. நாலு இடத்தையும் தனித்தனியாக அள. பழைய வண்டி, யாராவது முன்பே ஒன்றை நசுக்கியிருக்கக்கூடும். மார்கழி பிறப்பதற்குள் அளவு கைக்கு வந்தால், லேத்தில் கொடுத்துப் பொங்கலுக்குள் வாங்கி வைத்துவிடுவேன். வீல் போல்ட்டுக்கு உன் காருக்குரிய சாக்கெட்டை நீயே கொண்டு வா, அது இங்கே கிடைக்காது.

உன் அம்மான்,
மானகிரி