காலைக் குளிரில் புல்லு மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லையா?

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியா பக்கம் உறைபனி விழும். அந்தக் காலையில் புல்லு வெட்டும் மெஷினை எடுத்து, கயிற்றை இருபது முப்பது தரம் இழுத்து, கை ஓய்ந்துபோய்க் கடைசியில் காபரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுபவர்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அதோடு மெஷின் டவுன் கராஜுக்குப் போய்விடும். கூலிக்குப் புல்லு வெட்டும் வீட்டில் இரண்டு மூன்று நாள் வருமானமும் கூடவே போய்விடும். பெரும்பாலும் கோளாறு அந்த ஸ்க்ரூவில் இருப்பதில்லை.

பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவதுதான் காபரேட்டரின் வேலை. குளிரில் பெற்றோல் லேசில் ஆவியாகாது. சோக்கை மூடினால் காற்று குறைந்து பெற்றோல் கூடும், எஞ்சின் பிடிக்கும். ஆகவே முதலில் ரப்பர் குமிழை, அதற்குள் பெற்றோல் தெரியும்வரை ஏழெட்டுத் தரம் அமுக்குங்கள். சோக்கை மூடிக் கயிற்றை இழுங்கள். நாலைந்து இழுப்பில் எஞ்சின் ஒரு தரம் இருமினாற்போல் சத்தம் கொடுத்து நின்றுவிடும். இங்கேதான் பலரும் பிழை விடுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டதுமே சோக்கைத் திறந்துவிட்டு இழுக்க வேண்டும். மூடியபடியே இழுத்துக்கொண்டிருந்தால் உள்ளே பெற்றோல் நிறைந்து பிளக் நனைந்துவிடும். பிறகு எவ்வளவு இழுத்தும் பயனில்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். நனைந்திருந்தால் துடைத்துக் காய வையுங்கள். சுவிட்சை ஓஃப் பண்ணி, பிளக் துவாரத்தை முகத்துக்கு நேரே வைக்காமல் நாலைந்து தரம் இழுத்தால் மிச்சப் பெற்றோல் வெளியே வந்துவிடும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம். பிறகு பிளக்கைப் பூட்டி, சுவிட்சை ஓன் பண்ணி, சோக்கைத் திறந்தே வைத்து இழுங்கள். பிளக் காய்ந்து கிடந்தால் பெற்றோல் மேலே வரவில்லை என்று அர்த்தம். டேங்குக்குள் கிடக்கும் சின்ன பில்டரையும், டியூப் வெடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எயார் பில்டர் ஸ்பொஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடலாம்.

இனிப் பெற்றோல். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றவர்களுக்குப் பெற்றோலைச் சேர்த்து வைக்கத்தான் தோன்றும். ஆனால் ஒயில் கலந்த பெற்றோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல. லேசாக ஆவியாகும் பகுதி போய்விடும். மிச்சம் பிசின்போல் காபரேட்டரின் ஊசித் துவாரங்களை அடைக்கும். காபரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள் என்று ஒரு தம்பி கவலையோடு எங்களிடம் வந்தார். டேங்கை முகர்ந்தால் வார்னிஷ் வாடை. டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றி, புதுப் பெற்றோல் ஊற்றினோம். நாலாவது இழுப்பில் பிடித்துவிட்டது. மெஷினை நாள்கணக்கில் வைக்கப்போகிறீர்களென்றால் டேங்கைக் காலியாக்கி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

டூ ஸ்ட்ரோக் மெஷினுக்குப் புத்தகத்தில் 25க்கு 1 என்றிருந்தால், ஒரு லீற்றருக்கு 40 மில்லி லீற்றர் டூ‑டி ஒயில். 50க்கு 1 என்றால் 20. கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். போர் ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பெற்றோலில் ஒயில் கலக்கவே கூடாது.

ஸ்க்ரூவைத் தொட வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு. மலையில் காற்று மெல்லியது. கீழ்நாட்டில் செட் பண்ணிய மெஷின் நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் புகை கக்கலாம். அதைத் தெரிந்த பாஸிடம் விடுங்கள். பெற்றோலோடுதான் ஒயிலும் போகிறது. அளவுக்கு மேல் ஸ்க்ரூவை இறுக்கினால் இரண்டும் குறைந்து பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். அந்தச் செலவு சின்னதல்ல.

மழை என்றாலும் லயத்துக் காம்பராவுக்குள் மெஷினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். அந்தப் புகையிலுள்ள நஞ்சுக்கு மணம் கிடையாது. பெற்றோலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம், பிள்ளைகள் குடித்துவிடுவார்கள். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நெஞ்சுக்குள் இறங்கினால் ஆபத்து. போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.