ஒரு நைலான் புஷ்ஷும் ஐந்தரை லட்ச ரூபாயும்

காக்களூர் சிட்கோவில் மாவு மில் வைத்திருக்கும் நண்பர் போன மாதம் போன் செய்தார். புது மாடல் மெட்டல் டிடெக்டர் வந்திருக்கிறதாம், பழசைக் கொடுத்துவிட்டு அதை வாங்கலாமா என்று கேட்டார். “முதலில் பெல்ட்டைக் காலியாக ஓடவிட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்” என்றேன். நான் ஏதோ மழுப்புகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்தரை லட்சம் செலவாயிற்று, ஜி.எஸ்.டி. தனி.

எனக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மசாலாப் பொடி யூனிட். மிளகாய், மல்லி, மஞ்சள் என்று எல்லாமே காய்ந்த சரக்கு. மூட்டையைப் பிரித்தால் கோணி ஊசி கிடக்கும், அரைவை மில்லில் சுத்தி தேயும், சல்லடைக் கம்பி அறுந்து விழும். இரும்பைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். எவர்சில்வர் சல்லடைக் கம்பி காந்தத்துக்குப் பிடிகொடுக்காமல் நழுவிவிடும் என்பதால்தான் பேக்கிங் முடிந்த இடத்தில் டிடெக்டர் வேண்டும். 2011இல், மூடிக்கொண்டிருந்த ஒரு பிஸ்கட் கம்பெனியிடம் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். ஒற்றை அலைவரிசையில் ஓடும் பழைய மெஷின், பெரிய பச்சை பட்டன்கள், இரண்டு வரி டிஸ்ப்ளே. இரும்பு 1.2 மில்லிமீட்டர், பித்தளை 1.5, எவர்சில்வர் 2 என்று பன்னிரண்டு வருடம் டெஸ்ட் பீஸைத் தவறாமல் பிடித்தது. டெஸ்ட் பீஸ் விடுவது, ரிஜிஸ்டர் எழுதுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

2023 ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வழக்கம்போல எல்லா மெஷினையும் கழற்றிச் சுத்தம் செய்தோம். டிடெக்டர் கன்வேயரின் ஐட்லர் ரோலரில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக ஒரு நைலான் புஷ் இருந்தது. தேய்ந்து, ஓரம் பிய்ந்திருந்தது. ஃபிட்டர் பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “நைலானிலேயே அடிக்கச் சொல்லட்டுமா சார்?” என்று கேட்டான். நான்தான் சொன்னேன்: “பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்? லேத்தில் கொடுத்து இரும்பில் கடைந்து போடு, ஆயுசுக்கும் இருக்கும்.” நூற்றெண்பது ரூபாய். சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, மெஷினை ஓட்டினோம்.

அந்த வாரத்திலிருந்தே தகராறு. மணிக்கு ஒன்றிரண்டு என்று இருந்த ஃபால்ஸ் ரிஜெக்ட் இருபது, முப்பது என்று ஏறியது. தள்ளிவிட்ட பாக்கெட்டைப் பிரித்துச் சலித்தால் ஒன்றும் இருக்காது. நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் சென்சிட்டிவிட்டியைச் சத்தமில்லாமல் குறைத்துவைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். ஒரு காலையில் 2 மில்லிமீட்டர் எவர்சில்வர் பீஸ் டிடெக்டரைத் தாண்டி நிம்மதியாகப் போனபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. முந்தைய இரவுச் சரக்கு முழுவதையும் கோடவுனில் நிறுத்திவைத்து, செட்டிங்கை ஏற்றி, மறுபடி ஓட்டினோம். இரண்டு நாள் கூலியும் கரண்டும் போயிற்று.

டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் வந்தது. ஷெட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். பழி போட ஒரு புயல் கிடைத்துவிட்டது. ரிஜெக்ட் ரிஜிஸ்டரில் அக்டோபர் கடைசியிலிருந்தே எண்ணிக்கை ஏறியிருப்பது என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஆனாலும் “தண்ணி உள்ளே போயிடுச்சு” என்றே எல்லோரிடமும் சொன்னேன். பார்ட்னராக இருக்கும் என் மச்சான், “பழைய இரும்பைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் மாமா மாரடிப்பீங்க?” என்றார். டெமோ காட்ட வந்த விற்பனைப் பையன் எங்கள் பழைய மெஷினைச் சிரித்துக்கொண்டே மொபைலில் படம் எடுத்தான். “இதெல்லாம் மியூசியம் பீஸ் சார். இப்போ எல்லாமே மல்ட்டி ஃப்ரீக்வென்சி.” கன்வேயரை அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று புது ஹெட்டை மட்டும் வாங்கி, பழைய கன்வேயரிலேயே ஏற்றினோம். நாளைக்கு ஐந்து கிலோ பையும் போடலாமே என்ற மச்சானின் யோசனையில் வாய் பெரிதாக, 200 மில்லிமீட்டர் உயரத்தில் எடுத்தோம். பழைய ஹெட் காயலான் கடைக்குப் போனது. நாலாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்தார்கள்.

புது மெஷின் முதல் நாளே பழசைவிட அதிகமாகக் கத்தியது.

சர்வீஸுக்கு வந்தவர்கள் எர்த்திங் சரியில்லை என்றார்கள், வி.எஃப்.டி. கேபிளைத் தள்ளி இழுக்கச் சொன்னார்கள், பக்கத்து ஃபர்னஸ்களால் வரும் கரண்டே அழுக்கு என்றார்கள். எர்த் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டேன். மூன்று வாரம் போயிற்று. கடைசியில் வந்தவர் கவரைப்பேட்டையிலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் வரும் ஒரு பெரியவர், மின்வாரியத்தில் இருந்து ரிடையர் ஆனவர். டூல் பையைக்கூட இறக்கவில்லை. “பெல்ட்டை நிறுத்து” என்றார். ஹெட் மட்டும் ஆனில் இருந்தது, சத்தமே இல்லை. “சரக்கு போடாம ஓட்டு.” காலி பெல்ட்டுக்கே கத்தியது. “அப்ப சரக்கும் இல்லை, கரண்டும் இல்லை, ஹெட்டும் இல்லை. சுத்துறது ஏதோதான் தம்பி.” குனிந்து ஒவ்வொரு ரோலராகத் தொட்டுக்கொண்டே வந்தார். இரும்பு புஷ்ஷில் கை நின்றது. “இதை யாரு போட்டது?” ஃபிட்டர் பையன் தரையைப் பார்த்தான்.

பிறகு விளக்கினார். டிடெக்டருக்குள் மூன்று காயில். நடுவில் இருப்பது அலையை அனுப்பும், இரண்டு பக்கமும் இருப்பவை வாங்கி ஒன்றை ஒன்று சமன் செய்துகொண்டிருக்கும். உலோகம் நுழைந்தால் சமன் குலையும். அந்த அலை ஹெட்டோடு நின்றுவிடாது, கொஞ்சம் வெளியிலும் பரவும். ரோலரின் இரண்டு முனையும் ஃபிரேமில் உலோகமாகப் பட்டால் ரோலர், ஃபிரேம், ரோலர் என்று ஒரு முழு வளையம் ஆகிவிடும், அதில் கரண்ட் ஓடும். ரோலர் சுற்றும்போது தொடுவதும் விடுவதுமாக இருந்தால் ஹெட்டுக்கு அது ஆணி போவது மாதிரியே தெரியும். வளையத்தை அறுக்கத்தான் ஒரு பக்கம் நைலான். ஆயுசுக்கும் இருக்கட்டும் என்று நான் அதைத்தான் பிடுங்கி எறிந்தேன். நைலான் புஷ் நாற்பது ரூபாய். மறுநாளிலிருந்து மெஷின் வாயைத் திறக்கவில்லை.

இந்த அவமானத்தில் எனக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே என்று கண்டுபிடிக்க, டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லே காயில் வைத்த ஒரு கருவியோடு போனார். கருவி எங்கே வைத்தாலும் முனகியது. மெத்தைக்கு அடியில் இரும்புக் கம்பி வலை இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பெல்லே கட்டிலைப் பார்க்காதபோது நான் கன்வேயரைப் பார்க்காததில் என்ன அதிசயம் என்று மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் சரக்கு காய்ந்த பொடியாக இருந்தால் பழைய ஒற்றை அலைவரிசை மெஷினே போதும், அடித்துச் சொல்வேன். ஊறுகாய், இட்லி மாவு, புளிக்காய்ச்சல் என்றால் கதை வேறு. உப்பும் ஈரமும் இருந்தால் சரக்கே கரண்டைக் கடத்தும், அதையே உலோகம் என்று எண்ணிப் பழைய மெஷின் குழம்பும். போன வருடம் புளிக்காய்ச்சல் போட ஆரம்பித்தபோது புது ஹெட் அதைச் சுலபமாகச் சமாளித்தது, அந்தப் பெருமையை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். மச்சான் இதை வைத்துத் தன் முடிவு சரி என்கிறார். 2023இல் புளிக்காய்ச்சல் என்ற பேச்சே இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அலுமினிய ஃபாயில் பாக்கெட்டுக்கு என் பழசும் சரிப்படாது, புதுசும் சரிப்படாது. பேக்கிங்குக்கு முன்னாலேயே சோதித்துவிடுங்கள், இல்லையென்றால் எக்ஸ்ரே மெஷினுக்குப் பணம் சேர்க்க ஆரம்பியுங்கள்.

வாய் அளவை யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். வாய் பெரிதானால் கூர்மை குறையும், அதிலும் நட்டநடு வாயில்தான் பார்வை மந்தம். என் பழசின் 120 மில்லிமீட்டர் வாய் பிடித்த 2 மில்லிமீட்டர் எவர்சில்வர் பீஸை, 200 மில்லிமீட்டர் வாய் கொண்ட புதுசு மிளகாய்ப் பொடியில் விட்டுவிடுகிறது. 2.5தான் பிடிக்கிறது. ஐந்து கிலோ பைக்கு ஆர்டர் இதுவரை வரவில்லை.

பழசுக்குக் கார்டு கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். என் பழைய மெஷினில் இரண்டு தடவை பவர் சப்ளை போயிற்று, இரண்டு தடவையும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கெபாசிட்டர் மாற்றி, மாலை கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்துத் திரும்பிவிட்டேன். காயிலே போனால்தான் வழியில்லை. ஆடிட்டுக்குப் பழசு ஆகாது என்பதையும் நம்பாதீர்கள். என்னிடம் வந்த ஆடிட்டர் ஒருவர்கூட மெஷினின் வயதைக் கேட்டதில்லை, டெஸ்ட் பீஸ் ரிஜிஸ்டரையும் ரிஜெக்ட் பெட்டியின் பூட்டையும்தான் கேட்டார்கள். சென்சிட்டிவிட்டிக்குப் பாஸ்வேர்ட் போட்டு அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நைட் ஷிஃப்டிடம் கொடுக்காதீர்கள்.

புஷ் மாற்றிய அன்று மாலையே காயலான் கடைக்கு ஓடினேன். எவர்சில்வர் கூடு ஏற்கெனவே லோடில் போய்விட்டிருந்தது. காயில் செம்பை உருவிவிட்டு, வார்த்த பிசின் கட்டியை மட்டும் வாசலில் போட்டிருந்தார்கள், கடைப் பையன் அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். திருவள்ளூர் பக்கம் யாராவது 120 மில்லிமீட்டர் வாய் உள்ள பழைய ஹெட்டை எடைக்குப் போட நினைத்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். காயலான் கடை விலைக்கு மேல் ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தருகிறேன். கன்வேயர் வேண்டாம், என்னிடம் இருக்கிறது.