பேரமும் பொதுக் காற்றும்

இலண்டன் மாநகரில் விக்மோர் வீதியிலே மிட்டாய் செய்வார் ஒருவர், சர்க்கரை முதலியன இடிக்கும் உரல்கள் இரண்டை நெடுங்காலமாக நடத்திவந்தார். அவற்றுள் ஒன்று 60 ஆண்டுகளுக்கு மேலாக அவ்விடத்திலேயே இயங்கியது. அயல்மனைக்கு ஒரு வைத்தியர் குடிவந்தார். எட்டு ஆண்டு யாதொரு தொல்லையும் இல்லை. பின்னர் அவர் தம் தோட்டத்தின் கோடியில், மிட்டாய்க்காரரின் சமையற்கட்டை ஒட்டி, நோயாளரைப் பார்க்கும் அறையொன்று கட்டினார். உரலோசையால் நோயாளியின் மார்பொலி கேட்க இயலாதாயிற்று. வழக்கு மேல் நீதிமன்றம் வரை சென்றது. 1879-ல் வைத்தியருக்கே வெற்றி கிட்டியது.

தீங்கு செய்வோன்மீது அத்தீங்கின் அளவுக்கு வரி விதித்தல் தகும் என்பது கேம்பிரிட்ஜ் ஆசிரியர் பிகூ 1920-ல் வெளியிட்ட நூலின் கொள்கை. ரொனால்ட் கோஸ் என்பார் 1960-ல் மேற்கண்ட வழக்கையே எடுத்துக்கொண்டு வேறொன்று வினவினார். உரல் வைத்தியருக்குத் தீங்கு என்றால், உரலை நிறுத்துவது மிட்டாய்க்காரருக்குத் தீங்கன்றோ?

உரல் நின்றால் மிட்டாய்க்காரருக்கு 50 பவுன் நஷ்டம் என்றும், வைத்தியர் வேறிடத்தில் அறை கட்ட 30 பவுன் செலவு என்றும் பேச்சுக்காக வைத்துக்கொள்வோம். உரிமை வைத்தியருடையதாயின், மிட்டாய்க்காரர் 30-க்கு மேல் 50-க்குள் ஒரு தொகை கொடுத்து இணங்கச் செய்வார். உரிமை மிட்டாய்க்காரருடையதாயின், வைத்தியர் தம் பணத்திலேயே அறையை மாற்றுவார். எவ்வாறாயினும் உரல் ஓடும். யார் பணப்பை இளைக்கும் என்பதொன்றே தீர்ப்பால் மாறுவது. (ஆனால் பை இளைப்பவருக்கு அஃது அற்பமன்று!)

இவையாவும் பேரம் பேசுதற்குச் செலவில்லை என்னும் அனுமானத்தின்மேல் நிற்பன. அவ்வனுமானம் நடைமுறைக்கு ஒவ்வாது என்று கோஸே எழுதியிருக்கிறார். அவரைச் சான்று காட்டி, சர்க்கார் தலையிடவே வேண்டாம் என்போர் அப்பக்கத்தைப் புரட்டாமலே விட்டனர் போலும்.

நிற்க. அயலார் இருவர் ஒரு மேசையில் அமரலாம். உலகமே அயலாரானால் என் செய்வது? குளிர்பெட்டிகளில் வழங்கிய குளோரோபுளோரோகார்பன் என்னும் வாயு, வானிலுள்ள ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் இரசாயன அறிஞர்கள் 1974-ல் எடுத்துரைத்தனர். 1987-ல் மாண்ட்ரியல் நகரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. நபருக்கு ஆண்டொன்றுக்கு 0.3 கிலோகிராமுக்குக் குறைவாக இவ்வகைப் பொருள்களைச் செலவிடும் வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டுத் தவணையும் அளிக்கப்பட்டது. எனினும் இந்தியாவும் சீனாவும் சேரவில்லை. படலத்தைக் கெடுத்தவை பெரும்பாலும் செல்வ நாடுகள்; மாற்றுப் பொருளின் விலையை மட்டும் ஏழைகள் ஏன் ஏற்பது என்பது அவற்றின் வாதம். இது முறையற்ற பிடிவாதமென எமக்குத் தோன்றவில்லை.

1990-ல் இலண்டனில் மீண்டும் கூடினர். வளரும் நாடுகளின் செலவை ஈடுசெய்ய மூன்றாண்டுகளுக்கு 16 கோடி டாலர் நிதி அமைந்தது. இவ்விரு நாடுகளும் சேர்ந்தால் மேலும் 8 கோடி என்று முடிவாயிற்று. சீனா 1991-லும் இந்தியா 1992-லும் சேர்ந்தன. நிதி மட்டும் அவற்றை அழைத்துவந்ததென்று கொள்ளலாகாது. சேராத நாடுகளோடு இப்பொருள்களில் வாணிகம் செய்யலாகாது என்ற விதியும் உடன்படிக்கையில் இருந்தது. விக்மோர் வீதி அயலாருக்குப் பின்னே ஒரு நீதிமன்றம் நின்றது. நாடுகளுக்கு அத்தகைய மன்றம் இன்மையின், அவ்விடத்தை இவ்வாணிகத் தடையே நிரப்பிற்று.