நாலு போல்ட், ஒரு மஞ்சள் கனெக்டர்

போன நவம்பர்ல ஒரு ராத்திரி அப்பாவோட கார் கண்ணாடியை ஏத்த மறந்துட்டேன். விடிய விடிய மழை. மேலாகத் துடைச்சும் ஒரு வாரத்துல உள்ளே ஒரே நாத்தம். கார்பெட்டுக்கு அடியில இருக்கிற பஞ்சு காயவே இல்ல. அதை வெளிய எடுக்கணும்னா முன் சீட்டைக் கழட்டணும். "நாலு போல்ட்தானேப்பா, நானே பாத்துக்கறேன்"னு கெத்தா சொல்லிட்டேன்.

போல்ட் நாலுதான். ஆனா சீட்டுக்கு அடியில மஞ்சள் கனெக்டர் இருந்தா உஷார். மஞ்சள்னா ஏர்பேக் சர்க்யூட். சீட் பக்கவாட்டுல இருக்கிற ஏர்பேக், விபத்துல பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற ப்ரீடென்ஷனர், ரெண்டுமே சின்ன வெடிமருந்துல வேலை செய்யுது. அதனால முதல்ல சாவியை எடுத்துட்டு பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டணும். உடனே கை வைக்கக் கூடாது. விபத்துல பேட்டரி வயர் அறுந்தாலும் ஏர்பேக் விரியணும்னு உள்ளே கெப்பாசிட்டர் வச்சிருக்காங்க. அது டிஸ்சார்ஜ் ஆக எத்தனை நிமிஷம்னு மேனுவல்ல இருக்கும். நான் பத்து நிமிஷம் விட்டு டீ குடிச்சேன். இசிஇ, இபில படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கனெக்டர்ல மல்டிமீட்டர் வச்சு ரெசிஸ்டன்ஸ் பாக்காதீங்க. மீட்டர் அனுப்புற சின்ன கரண்ட்டே அதைத் தூண்டிவிடலாம்.

சீட்டைப் பின்னால தள்ளினா முன் போல்ட் ரெண்டும், முன்னால தள்ளினா பின் போல்ட் ரெண்டும் தெரியும். பவர் சீட்னா பேட்டரியைக் கழட்டறதுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க, அப்புறம் சீட் நகராது. அப்புறம் சீட்டைச் சாய்ச்சு கனெக்டர்களைக் கழட்டி, வாசப்படியில பழைய போர்வை போட்டு ரெண்டு பேரா தூக்கணும். வெளிய வந்த பிறகு அட்ஜஸ்ட் லீவரைத் தொடாதீங்க. ரெண்டு ரெயிலும் வேற வேற இடத்துல நின்னா ஓட்டை பொருந்தாது.

நான் சொதப்பினது இங்கதான். பஞ்சு காயற நேரத்துல பாட்டு கேக்கலாம்னு பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பிட்டேன். சீட் கனெக்டர் இல்லாததால கம்ப்யூட்டர் ஃபால்ட் பதிவு பண்ணிடுச்சு. சீட்டை மாட்டின பிறகும் ஏர்பேக் லைட் அணையல. ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் வச்சு அழிச்சாங்க. அப்பா எதுவும் சொல்லல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

திருப்பி மாட்டும்போது நாலு போல்ட்டையும் முதல்ல கையாலயே சுத்தணும். அப்புறம் டார்க் ரெஞ்ச்ல மேனுவல் சொல்ற அளவுக்கு டைட் பண்ணணும். "கை பதமா இறுக்கினா போதாதா?"ன்னு ரூம்மேட் கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். 50 கிலோமீட்டர் வேகத்துல போற 70 கிலோ ஆள் 0.1 வினாடியில நின்னா, சராசரி விசை சுமார் 9,700 நியூட்டன். கிட்டத்தட்ட ஒரு டன் எடை. பெரும்பாலான கார்கள்ல பெல்ட் பக்கிள் சீட்டோடதான் மாட்டியிருக்கும், அதனால அதுல ஒரு பங்கு நேரா அந்த போல்ட்டுகளுக்குத்தான் போகும். ரெஞ்ச் இல்லன்னா நம்ம பாஹா டீம்கிட்ட கேளுங்க, கெஞ்சினா தருவாங்க.

கனெக்டர் எல்லாம் மாட்டின பிறகு, கடைசியாத்தான் பேட்டரி. சாவி போட்டா ஏர்பேக் லைட் சில வினாடி எரிஞ்சு அணையணும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாத்து, ரெண்டு பக்கமும் "டக்"னு பூட்டுதான்னு கேட்டுட்டு, அப்புறமா அப்பாகிட்ட சாவியைக் குடுங்க.